அய்யன் துண்டை உதறிய நாள்

தட்டு என் பக்கம் சரிந்தது. கம்மஞ்சோற்று உருண்டையும் நடுவில் குழித்து ஊற்றியிருந்த கருவாட்டுக் குழம்பும் என் மடியில் வந்து விழப் பார்த்தன. அக்கா காலை நீட்டித் தடுத்தாள். அய்யன் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, அக்கட்ட அமுத்திப் புடி, உன்ற அம்மா பக்கம் போகுது பாரு" என்றார்.

தோணி மறுபக்கம் சாய்ந்தது. தட்டு அம்மாவிடம் போனது. அம்மா வாயைத் திறந்து சிரித்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. அதுவரை அம்மா சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. இவளுக்கு இப்படிக்கூடச் சிரிக்க வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அதற்குள் அக்கா என் பங்கு கருவாட்டையும் எடுத்துத் தின்றுவிட்டாள்.

அக்கா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். போன வாரம் சந்தையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அவ எழுதறதுல பாதி பொய்யி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சொல்லட்டும். தோணியில் இருந்தது பித்தளைத் தட்டு என்பாள் அவள். தகரத் தட்டுதான், ஓரத்தில் நசுங்கியிருந்தது. என் பக்கம் சரியும்போதெல்லாம் அந்த நசுங்கின இடம் வழியாகத்தான் குழம்பு ஒழுகும். அனுபவித்தவளுக்குத் தெரியாதா?

அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பக்கம் அப்படித்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் பேரன் பேத்திகளுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

சங்ககிரி மலை தெரியும் வீடு

கடலே பார்க்காத ஜனங்கள் எப்படித் தோணி ஏறினோம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வாசலில் நின்றால் சங்ககிரி மலை முழுசாகத் தெரியும். ஒரே சமையல், ஒரே உலை. அண்ணன் தம்பி மூன்று பேர்: பெரியய்யன், அவருக்கு அடுத்தவர், கடைசியில் எங்கள் அய்யன். அய்யனின் சின்ன வயதிலேயே தாத்தா போய்விட்டதால் அவரை வளர்த்து ஆளாக்கியது பெரியய்யன்தான். அதனால் பெரியய்யன் உட்காரு என்றால் உட்காருவார், எழுந்திரு என்றால் எழுந்துவிடுவார்.

அய்யன் மாட்டு வியாபாரி. சந்தை சந்தையாகப் போய்க் காளை பிடித்து, கூட்டம் சேர்த்து, தூத்துக்குடி வரைக்கும் நடத்திக்கொண்டு போய்த் தோணி ஏற்றி இலங்கையில் விற்று வருவார். அங்கே பாரவண்டிக்கு நம் பக்கத்துக் காளை என்றால் கொத்திக்கொண்டு போவார்கள்.

வீட்டில் அம்மா கடைசி மருமகள். கடைசி மருமகள் என்றால் என்ன என்பது அந்தக் காலத்துப் பெண்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு, வழித்த சட்டியில் மிச்சம் இருந்தால் சாப்பிட வேண்டும்.

பகலில் அய்யனும் அம்மாவும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததே இல்லை. பேச வேண்டியிருந்தால் நடுவில் நான் வேண்டும். "அம்மிணி, தவுட்டு மூட்டை தீந்துபோச்சுன்னு சொல்லு" என்பாள் அம்மா. அய்யன் பக்கத்திலேயேதான் நிற்பார். "நாளைக்கு வாங்கியாறேன்னு சொல்லு" என்பார். நான் ஒன்றும் சொல்லவே வேண்டாம். நடுவில் நின்றால் போதும்.

ஒரு வருசம் எனக்குத் தம்பி பிறந்தான். பேர் வைக்கும் முன்னாடியே போய்விட்டான். அம்மா அதற்குப் பிறகு வேலை செய்தாளே தவிர வேறு எதிலும் இல்லை. சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரமானது.

தைப்பொங்கல் நோம்பி முடிந்து அய்யன் பயணத்துக்குக் கிளம்பும்போது, என்ன தோன்றியதோ, பெரியய்யன் முன்னால் போய் நின்று தலையைச் சொறிந்தார். "இவளையும் புள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க. நாலு எடம் பாத்தா கொஞ்சம் தேறுவா."

பெரியம்மா உள்ளே இருந்து, "ஆமா, ஊட்டு வேலைய ஆரு செய்யறது?" என்றாள். பெரியய்யன் உள்பக்கம் பார்த்துக் கையமர்த்தினார். "பங்குனி நோம்பிக்குள்ள வந்து சேந்துரோணும்" என்றார். பெரியய்யன் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் கெட்டவர்கள் யாருமே இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு.

சாணி போட்டு மெழுகிய தோணி

சங்ககிரியில் ரயில் ஏறி எங்கெங்கோ மாறித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தோம். மாடுகள் முன்னாடியே நடந்து போயிருந்தன. அவற்றை ஓட்டிப் போனவர் குப்பண்ணன். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அய்யனுக்கு வலது கை. தோணியிலும் எங்களோடு வந்தார்.

தோணியில் அறை கிறை ஒன்றும் கிடையாது. பின்பக்கம், சுக்கான் பிடிக்கிற இடத்துக்கு முன்னால், ஓலைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்தார்கள். அதுதான் எங்கள் வீடு. நடுவில் காளைகள் எதிரும் புதிருமாகக் கட்டிக் கிடந்தன. அதற்குமேல் பாய். பாய் விரிந்து காற்றுப் பிடிக்கும்போது துணிக்கடையில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாப் புடவையையும் ஒரே மூச்சில் உதறினமாதிரி சத்தம் வரும். மாட்டு மூத்திர நெடி, சோளத்தட்டு வாசனை, தார், உப்பு, கருவாடு, எல்லாம் கலந்து ஒரு வாடை. இன்றைக்கும் பழைய கயிற்றை மோந்தால் எனக்கு அந்தத் தோணி வந்துவிடும்.

ஏறின மறுநாளே அம்மா ஒரு காரியம் செய்தாள். குடியிருக்கும் இடம் என்றால் மெழுக வேண்டாமா? சாணிக்குப் பஞ்சமா? அள்ளிக் கரைத்துப் பலகைத் தரையை வழுவழுவென்று மெழுகிவிட்டாள். எங்கள் வீட்டு மண் தரையில் அது காய்ந்து கல்லாக நிற்கும். தோணியில் அலைத் தண்ணீர் தெறித்துத் தெறித்துக் காயவே இல்லை, கூழாகிவிட்டது. தோணியை நடத்துகிற தண்டல் ஏதோ கயிறு இழுக்க ஓடி வந்தவர், வழுக்கி உட்கார்ந்த வாக்கிலேயே மாட்டுத் தொட்டி வரைக்கும் போய் நின்றார்.

"ஏ அம்மா, நாப்பது வருசமா தோணி ஓட்டுதேன், தோணியப் போயி மொழுகுனத இப்பத்தான் பாக்கேன்" என்றார் அவர், உட்கார்ந்தபடியே. நல்ல மனுசன், கோபிக்கவில்லை. அய்யன் திரும்பி நின்று தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து கடல் தண்ணீர் மொண்டு மொண்டு கழுவினார்கள். அய்யன் துடைப்பம் பிடித்து அன்றுதான் பார்த்தேன்.

என் வாந்தியின் புண்ணியம்

முதலில் தோணியிலும் என்னை நடுவில் நிறுத்திப் பேசும் வழக்கம் தொடர்ந்தது. "அம்மிணி, குடிதண்ணி எந்தப் பீப்பாயில இருக்குதுன்னு கேளு." "அந்தச் செவப்பு மூடி போட்டதுன்னு சொல்லு."

பிறகு எனக்கு வாந்தி கண்டது. குடல் வெளியே வந்துவிடும்போல. ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தேன். அக்காவோ வேண்டுமென்றே தூங்குகிற மாதிரி படுத்துவிட்டாள். நடுவில் நிற்க ஆள் இல்லை. அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டு, வேறு வழியில்லாமல், "ஏனுங்க, அந்த எலுமிச்சங்காயை எடுங்க" என்றாள். அய்யன் எடுத்துக் கொடுத்தார். "இன்னும் ஒண்ணு இருக்குது, வேணுமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், அப்படித்தான் ஆரம்பித்தது. என் அப்பாவும் அம்மாவும் கல்யாணமாகி இத்தனை வருசத்துக்குப் பிறகு எலுமிச்சங்காயைப் பற்றிப் பேச ஆரம்பித்து, நிறுத்தவே இல்லை. தான் பார்த்த சந்தையெல்லாம் சொல்வார் அவர். ராசிபுரத்தில் நெய் வாங்கப் போய் ஏமாந்த கதையைச் சொல்வார். தன் அம்மா வீட்டுக் கிணற்றைப் பற்றி அவள் சொல்வாள். செத்துப்போன தம்பியைப் பற்றியும் ஒரு நாள் பேசினார்கள். அய்யன் அழுததை அன்று பார்த்தேன். அவருக்கும் அவன் மகன்தானே, ஆனால் வீட்டில் யாரும் அவரிடம் துக்கம் கேட்கவில்லை.

தண்டலும் ஆட்களும் பக்கத்தில் இருந்தால் மட்டும் அம்மாவுக்குக் கூச்சம். அதற்கு அய்யன் ஒரு வழி கண்டுபிடித்தார். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா? அதைக் கற்றுக்கொடுத்தார். ஒரு விரலைப் பிடித்தால் பசிக்கிறது. இரண்டு விரல் என்றால் பிள்ளைகளைப் பார். நடு விரலை மட்டும் பிடித்தால் என்னவென்று எங்களுக்குச் சொல்லவே இல்லை. கேட்டால் அம்மா முறைப்பாள்.

வந்த கொஞ்ச நாளிலேயே அம்மா சாப்பிட ஆரம்பித்தாள். கன்னத்தில் சதை பிடித்தது. தோணியில் தனித்தனியாகப் பரிமாறிக்கொண்டிருக்க முடியாது, ஆளுக்கொரு தட்டு வைத்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடும். அதனால்தான் நான் முதலில் சொன்ன அந்தத் தகரத் தட்டு. நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, நாலு பேரும் பிடித்துக்கொண்டு, ஒன்றாகச் சாப்பிட்டோம்.

பேர் சொன்னால் நீந்தி வரும் காளைகள்

கற்பிட்டி, சிலாபம், நீர்கொழும்பு என்று கரையை ஒட்டியே போனோம். ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் காளைகளை இறக்குவார்கள். இறக்குவது என்றால் தண்ணீரில் தள்ளிவிடுவதுதான். அது நீந்திக் கரையேற வேண்டும். வயல்காட்டு மாடு, கடலைக் கண்டால் மிரளும். அய்யன் முன்னாடியே போய்க் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "வா சாமி, வா. பயப்படாத. நான் இருக்கறன்." மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு அவர் குரல் வந்த பக்கமாக நேராக நீந்தி வரும்.

திரும்பும் வழியில், கடல் உள்ளே புகுந்து ஏரிபோல் கிடக்கும் புத்தளம் களப்புக்குள் தோணி நின்றது. கொப்பரை ஏற்ற வேண்டும், சரக்கு வந்து சேரத் தாமதம். அங்கே ஒரு மரைக்காயர். உப்பும் தேங்காயும் ஏற்றுகிற வண்டிகள் நிறைய வைத்திருந்தார். கடைசியாக மிச்சமிருந்த காளைகளை அவர்தான் வாங்கினார். அய்யன் கூப்பிட்டு அவை நீந்தி வந்ததைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட மாடு ஒண்ணும் என் பேச்சுக் கேக்காது" என்றார். "மாட்டைப் பாத்துக்க உங்களைப் போல ஆள் எனக்கு வேணும். யோசிங்க. நாளைக்கு வாறேன்."

அன்று சாயங்காலம் களப்பில் தண்ணீர் அசையவே இல்லை. அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னுகிற கை நின்றது.

"ஏனுங்க" என்றாள். "நாம இங்கியே இருந்துக்கலாங்க."

அய்யன் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நான் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லை. நகை கேட்டனா, சீலை கேட்டனா? இது ஒண்ணு கேக்கறன். நாம நாலு பேரும் தனியா இருக்கோணும். இந்த மாதிரி."

"அண்ணன் என்ன சொல்லுவாரு?"

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கொஞ்ச நாளைக்குக் கோவிச்சுக்குவாரு. வருசத்துக்கு ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்துக்கலாம்."

அய்யன் களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "செரி" என்றார். "நாளைக்கு மரைக்காயரு கேட்டா ஒத்துக்கறன்."

"கேட்டதும் ஒத்துக்கோங்க" என்றாள் அம்மா. "உங்க சந்தைப் பழக்கத்தை அங்க காட்டிப்போடாதீங்க."

அய்யன் சிரித்தார். "எனக்குத் தெரியாதா புள்ள?"

துண்டு

மறுநாள் மரைக்காயர் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். களப்புக் கரையில், தென்னைகளுக்கு நடுவே ஒரு சின்ன வீடு. இரண்டு அறை, ஓலைக் கூரை, பின்னால் மாட்டுக் கொட்டகை, ஒரு கிணறு. அவரும் அய்யனும் வெளியே, ஈரப்பலா என்று அங்கே சொல்கிற சீமைப்பலா மரத்தடியில் நின்று பேச, நாங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம்.

அம்மா முதலில் கிணற்றில் ஒரு வாளி சேந்திக் குடித்தாள். "நல்ல தண்ணி" என்றாள். அடுப்பு மேடையைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டுக்கல்லை எங்கே போடலாம், அக்கா பெரியவளானால் எந்த அறை, என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். அவ்வளவு பேச்சு. ஒரு மூலையில் முருங்கைக் குச்சி ஒன்று நட்டால் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் யோசனை கேட்டாள், நினைத்துப் பாருங்கள்.

மரத்தடியில் என்ன நடந்தது என்பதை அய்யனே பின்னால் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

மரைக்காயர் சுற்றி வளைக்கவில்லை. வீடு இது, மாடு இத்தனை, நெல்லும் தேங்காயும் வீட்டுக்கு வந்துவிடும், சம்பளம் இவ்வளவு, "இருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

சரி என்ற ஒரு வார்த்தை போதும். அய்யனுக்கு வாயில் வந்ததுதான். ஆனால் பாருங்கள், எங்கள் சந்தைக்காரர்களுக்கு ஒரு வியாதி. முதல் பேச்சுக்கே தலையாட்டினால் ஆள் இளிச்சவாயன் என்று அர்த்தம். எவ்வளவு பிடித்த மாடாக இருந்தாலும் பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பாக்கலாமுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலெட்டு நடக்க வேண்டும். மற்றவன், "ஏனுங்க, நில்லுங்க, என்ன கோவம்?" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகு திரும்பினால்தான் மரியாதை. சின்ன வயதிலிருந்து அதைத்தான் செய்து வந்தவர். கை அதுபாட்டுக்குத் துண்டை எடுத்துவிட்டது.

"பாக்கலாமுங்க" என்றார் அய்யன். "ஊருல அண்ணனெல்லாம் இருக்காங்க. அவ்வளவு சுலுவா முடியறதில்லை." துண்டை உதறினார். தோளில் போட்டார். நடந்தார்.

மரைக்காயர் கூப்பிடவில்லை. அவர் ஊரில் அந்த வழக்கம் இல்லை. முடியாது என்று ஒரு மனுசன் சொன்னால் முடியாது என்றுதான் அவருக்கு அர்த்தம். "அப்ப சரி, நல்லபடியாப் போய்ச் சேருங்க" என்று வாழ்த்திவிட்டு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். அய்யன் நடந்து வந்தார். நடை குறைந்துகொண்டே வந்தது. ஒரு தென்னையடியில் நின்று, செருப்பில் ஏதோ குத்தினமாதிரி காலைத் தூக்கிப் பார்த்தார். காதை மட்டும் பின்னால் வைத்திருந்தார். பின்னால் குரல் வரவில்லை.

அய்யன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்ததுமே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. வாளியைக் கிணற்று மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

"இப்பப் போயிச் சொல்லுங்க" என்றாள். "ஓடிப் போயிச் சொல்லுங்க."

"இப்பப் போனா நல்லாயிருக்காது புள்ள. நாளைக்குக் காத்தால அவரே ஆள் அனுப்புவாரு பாரு."

ஆள் வரவில்லை. மறுநாள் மத்தியானம் அய்யனே போனார். மரைக்காயருக்கும் வருத்தம்தான். "நீங்க ஏலாது, முடியாதுண்டு போயிட்டீங்களே. நேத்துப் பின்னேரமே மன்னார் ஆள் ஒருத்தருக்குச் சொல் கொடுத்துட்டேன். சொன்ன சொல்லை எப்படி மாத்துறது?" என்றாராம். வழிக்கு ஒரு மூட்டை தேங்காய் ஏற்றி அனுப்பினார். அந்தத் தேங்காயை அம்மா ஒன்றுகூட உடைக்கவில்லை. அத்தனையும் ஊருக்குத்தான் வந்தது.

திரும்பும் பயணத்தில் அம்மா சண்டை போடவில்லை. முன்போலவே நாலு பேரும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். அய்யன்தான் உருண்டை பிடித்து அவள் பக்கமாக நகர்த்தி நகர்த்தி வைத்தார். "அடுத்த வருசம் வேற எங்கியாச்சும் பாக்கலாம்" என்றார். அம்மா, "ம்" என்றாள். அவளுக்கு அவர்மேல் கோபம்கூட இல்லை அப்போது. பாவம், பழக்க தோசம் என்று அக்காவிடம் சொன்னாள்.

எல்லோரும் சிரித்தார்கள்

வீட்டுக்கு வந்த அன்று பந்தி. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியய்யன், அவருக்கு அடுத்தவர், அவர்கள் மகன்களான எங்கள் அண்ணன்மார், விருந்துக்கு வந்த ஒறம்பரை. அம்மா சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அய்யன் இலைக்கு வந்ததும், அவர் தோணியில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாயால், "நீயும் உக்காரு, சோறு ஆறிப்போகுதல்ல" என்றார்.

பந்தியில் இருந்த தலையெல்லாம் இந்தப் பக்கம் திரும்பின.

பெரியம்மாதான் ஆரம்பித்தாள். "கொழுந்தனாரு கடல் தாண்டிப் போயி வெள்ளைக்காரராயிட்டாருங்கோ. மேசை நாற்காலி வாங்கிப் போட்டரலாமா?"

பெரியய்யன் சிரித்தார். ஒறம்பரை சிரித்தார்கள். அண்ணன்மார்களுக்குப் புரையேறியது. அய்யன் ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். "கடல்ல கெடந்து புத்தி கலங்கிப்போச்சுங்க" என்றார்.

அம்மா கரண்டியோடு அவர் எதிரில் நின்றாள். அவர் இலையில் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு நடுவில் நிற்கப் பழையபடி என்னைக் கூப்பிட்டார்கள். "அம்மிணி, தவுடு தீந்துபோச்சுன்னு சொல்லு." நானும் போய் நின்றேன்.

குப்பண்ணன் கொண்டுவந்த சேதி

குப்பண்ணன் எங்களோடு திரும்பவில்லை. மரைக்காயர் வாங்கிய புதுக் காளைகள் பழகும்வரை புத்தளத்திலேயே இருந்தார். வைகாசி மாசம், மகனுக்குக் காது குத்துவதற்காக ஊர் வந்தவர், நேராக எங்கள் களத்துக்கு வந்தார்.

"மன்னார்க்காரரு ஒத்து வரலீங்க, போயிட்டாரு" என்றார் அய்யனிடம். "மரைக்காயரு உங்களைத்தான் கேக்கச் சொன்னாரு. அந்த ஊடு சும்மாதான் கெடக்குது. இந்தத் தடவை ஆமா, இல்லை, ஒரே வார்த்தையில சொல்லச் சொன்னாருங்க."

"ஆமா" என்றார் அய்யன். குப்பண்ணன் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் சொல்லிவிட்டார். "ஆமான்னு சொல்லு. இரு, ஒரு நிமிசம் வாரேன்."

அக்காவும் நானும் பின்கட்டில் அம்மாவோடு புளி தட்டிக்கொண்டிருந்தோம். அய்யன் அங்கே வந்ததே அதிசயம். என்னை நடுவில் நிறுத்தாமல் நேராக அம்மாவிடமே பேசினார். முகமெல்லாம் வியர்வை, ஆனால் என்னவோ பண்டிகைக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்தவர்போல் இருந்தார். எல்லாம் சொன்னார். "கேட்டதும் செரின்னுட்டேன் புள்ள. யோசிக்கவே இல்லை."

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குள் கிணறு, தென்னை, தகரத் தட்டு எல்லாம் ஓடியது. போலாம் என்று சொல்லு, சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அம்மா தட்டுவதை நிறுத்தவில்லை. "உங்க அண்ணங்கிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நீ செரின்னா, அப்பறமா மெதுவாச் சொல்லிக்கலாம்னு..."

"வேண்டாங்க."

"ஏன்?"

"துண்டை உதறிட்டு வந்தீங்களே, அது எனக்குப் பெருசா படலீங்க. அன்னைக்குப் பந்தியில எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. அது எனக்குப் பழக்கம். நீங்களும் சிரிச்சீங்க." அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். "அந்த ஊருலயும் நாலு மனுசங்க இருப்பாங்க. அவங்க சிரிச்சா அங்கியும் சிரிப்பீங்க. இங்கன்னா எனக்கு முன்னாடியே தெரியும். அங்க போயி நம்பி இருந்துட்டு அப்பறம் பாக்க எனக்குத் தெம்பு இல்லை."

அய்யன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை என்று மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. எங்களுக்கு ஜுரம் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு திருச்செங்கோடு வரைக்கும் நடந்த மனுசர். அவரைப்போல் பிரியமான அப்பா எங்கள் ஊரில் யாருக்கும் வாய்க்கவில்லை. அந்த ஒரு நிமிசத்தில் அவர் அம்மாவின் கையைப் பிடித்து, இனிமேல் சிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் எழுந்து வந்திருப்பாள். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ஆறவில்லை. கொஞ்ச வருசத்தில் உலகச் சண்டை வந்தது, தோணியெல்லாம் நின்றது, அய்யனும் மாட்டு வியாபாரத்தை விட்டார். அந்தக் கரையை நாங்கள் யாரும் மறுபடி பார்க்கவில்லை.

அய்யன் களத்துக்குத் திரும்பிப் போனார். சுவர்தான் குறுக்கே, பேசுவது நன்றாகக் கேட்டது.

"இல்லை குப்பண்ணா, முடியாதுன்னு சொல்லிரு" என்றார். "இவளுக்குக் கடல் காத்து ஒத்துக்கலை. அங்க வந்து ஒடம்புக்கு ரொம்பத் தொந்தரவாயிருச்சு. வர மாட்டேங்கறா."

குப்பண்ணன் எங்களோடு அதே தோணியில் இருந்தவர். அம்மா உடம்பு தேறியதைப் பார்த்தவர். "செரிங்க" என்றார்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை, புளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், இரண்டு சொம்பில் மோர் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தாள். "குப்பண்ணனுக்கு ஒண்ணு" என்றாள். "உங்கய்யனுக்கு ஒண்ணு. பாவம், வெயில்ல நிக்கறாரு."